வேர் (WHERE) கண்டிஷன் இல்லாம அப்டேட் அடிச்சுட்டேன், நான்லாம் டிபிஏ வேலைக்கு லாயக்கா?

ஓஎம்ஆர்_ராக்கோழி · செவ்வாய், இரவு 2:14

மக்களே தூக்கம் வரல, அதான் இங்க வந்து கொட்டுறேன். மூணு வருஷமா சிறுசேரி பக்கம் நைட் ஷிஃப்ட், முதல்ல அப்ளிகேஷன் சப்போர்ட், இப்போ 8 மாசமா டிபிஏ, அதாவது டேட்டாபேஸ பாத்துக்குற டீம். ஆரக்கிள் 19சி, கூட கொஞ்சூண்டு போஸ்ட்கிரெஸ். போன வாரம் ஒரு யுஏடி (டெஸ்ட் பண்ற சிஸ்டம்) டிக்கெட், ஒரே ஒரு கஸ்டமரோட ஸ்டேட்டஸ மாத்தி டெஸ்ட் பண்ணணும், அவ்ளோதான். எஸ்க்யூஎல் டெவலப்பர்ங்கற டூல்ல ரெண்டு டேப் பக்கத்து பக்கத்துல, ஒண்ணு யுஏடி ஒண்ணு ப்ரொடக்‌ஷன், அதாவது கஸ்டமருங்க யூஸ் பண்ற நிஜ சிஸ்டம், ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க மாதிரி ஒரே வெள்ளை. எந்த கஸ்டமருன்னு சொல்ற வேர் இருக்குற வரிய விட்டுட்டு மேல இருக்குற வரிய மட்டும் செலக்ட் பண்ணி ரன் அடிச்சுட்டேன், அதுவும் ப்ரொடக்‌ஷன் டேப்ல. கீழ 41,286 வரி அப்டேட் ஆச்சுன்னு வந்துச்சு பாருங்க, வயித்துல புளிய கரைச்சுது. சரி ரோல்பேக் (மாத்துனத திருப்புறது) அடிப்போம்னு போனா எவனோ ஆட்டோ கமிட் (உடனே நிரந்தரமா சேவ் ஆகுறது) ஆன் பண்ணி வச்சிருக்கான். எவனோ இல்ல, நான்தான், போன மாசம்.

உடனே சீனியருக்கு போன் போட்டேன், தாம்பரத்துல தூங்கிட்டு இருந்தாரு மனுஷன். திட்டுவாருன்னு பாத்தா "எதையும் தொடாத, எத்தனை மணிக்கு அடிச்சன்னு மட்டும் சொல்லு"ன்னாரு. ஃப்ளாஷ்பேக் க்வெரில அஞ்சு நிமிஷம் முன்னாடி டேபிள் எப்படி இருந்துச்சோ அத தனியா ஒரு டேபிள்ல எடுத்து வச்சுக்கிட்டு, ஸ்டேட்டஸ மட்டும் மெர்ஜ்ல திருப்பிப் போட்டாரு. நடுவுல தானா ஓடுற பேட்ச் ஜாப் உண்மையிலேயே மாத்துன 17 பேர மட்டும் ஜாப் லாக் பாத்து கையால சரி பண்ணாரு. முழு டேபிளையும் பழைய நேரத்துக்கு தள்ளியிருந்தா அந்த 17 பேரும் அவுட்டாம்.

எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா மறுநாள் மீட்டிங்ல மேனேஜர், "எப்படியும் 2 வருஷத்துல எல்லாம் கிளவுட், டிபிஏவே தேவைப்படாது, அதுக்குள்ள வேற எதாவது கத்துக்கோ"ன்னு சொன்னாரு. வேளச்சேரில 45 நாள் கோர்ஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சேரலாமா, இல்ல ஃபீல்டயே மாத்திடலாமா?

அம்பத்தூர்_அங்கிள் · செவ்வாய், காலை 6:40

தம்பி, முதல்ல நல்லா சாப்பிட்டு தூங்கு.

வேர் இல்லாத அப்டேட் அடிக்காத டிபிஏ இந்த ஊர்ல கிடையாது. அடிச்சும் மாட்டாதவன் இருக்கான், அவ்ளோதான் வித்தியாசம். நீ பண்ண ஒரே புத்திசாலித்தனம் உடனே போன் போட்டது. ஆரக்கிள்ல அண்டூ ரிடென்ஷன், அதாவது மாத்துறதுக்கு முன்னாடி இருந்த டேட்டாவ எவ்ளோ நேரம் வச்சிருக்கணும்ங்கற செட்டிங், டீஃபால்ட்டா 900 செகண்ட், அதாவது கால் மணி நேரம், அதுக்கு மேல பழைய டேட்டா இருந்தா உன் அதிர்ஷ்டம், இல்லன்னா 1555 எர்ரர் வந்து முகத்துல அறையும். பயந்துபோய் நீயே சரி பண்றேன்னு ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தா உங்க சீனியராலயே அப்படி திருப்ப முடியாம போயிருக்கலாம்.

இப்போ பழக்கத்துக்கு வா. ப்ரொடக்‌ஷன் கனெக்‌ஷனுக்கு சிவப்பு கலர் வை, இன்னிக்கே. எஸ்க்யூஎல் டெவலப்பர்ல கனெக்‌ஷன் ப்ராப்பர்ட்டீஸ்ல போனா கலர் குடுக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. டெர்மினல்ல ப்ராம்ப்ட்லயே யூசர் பேரும் டேட்டாபேஸ் பேரும் தெரியற மாதிரி வச்சுக்கோ. ஆட்டோ கமிட்ட ஆஃப் பண்ணிட்டு அந்த மெனு பக்கமே போகாத. அப்டேட்ட முதல்ல செலக்ட் கவுண்ட்டா (எத்தனை வரின்னு எண்ண மட்டும்) எழுதி ஓட்டு, 1 வரணும்னா 1தான் வரணும், 41,286 வந்தா டீ குடிக்க போயிடு. அதே வேர அப்படியே காப்பி பண்ணி அப்டேட்ல போடு, ஓட்டுனப்புறம் எத்தனை வரின்னு பாரு, அப்புறம்தான் கமிட். வேர முதல்ல டைப் பண்ணிட்டு மேல போய் அப்டேட் எழுதுறது என்னோட கிறுக்கு, 20 வருஷமா அப்படித்தான், பாக்குறவன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்ல சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, கீய (வரிய அடையாளம் காட்டுற காலம்) வச்சு வேர் போடாம அப்டேட், டிலீட் அடிச்சா விடாது. அந்த ஸ்விட்ச்சுக்கு அவனுங்களே இன்னொரு பேரு வச்சிருக்கானுங்க, தமிழ்ல சொன்னா "நான் ஒரு மக்கு". உண்மையாவே. நான் அத கூச்சப்படாம போட்டுக்குவேன்.

மல்லிகா_குவெரி · செவ்வாய், காலை 9:05

அங்கிள் சொன்னதெல்லாம் சரி, ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி. யுஏடி டிக்கெட் பாக்குற பையனுக்கு ப்ரொடக்‌ஷன்ல எழுதுற பர்மிஷனோட டேப் எதுக்கு தொறந்தே கிடக்குது? நம்மூர்ல எது நடந்தாலும் "நீ கவனமா இருந்திருக்கணும்"னு பையன் தலைல கட்டிடுவாங்க. ராத்திரி 12 மணிக்கு, ஒன்பது மணி நேரம் ஸ்க்ரீன பாத்த கண்ணுக்கு கவனம்லாம் எங்க இருந்து வரும்? தினமும் பாக்க ரீட் ஒன்லி யூசர், எழுதணும்னா தனி யூசர், அது டிக்கெட் அப்ரூவ் ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும். இது இல்லாத இடத்துல சிவப்பு கலர் ஒரு விபூதி மாதிரி, மனசுக்கு தைரியம், அவ்ளோதான்.

இன்னொண்ணு, ராக்கோழி நீ ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ரெண்டும் பாக்குறேன்னு சொன்னதால சொல்றேன். ஆரக்கிள்லயும் மைஎஸ்க்யூஎல்லயும் நடுவுல ஒரு ஆல்டர் டேபிளோ க்ரியேட்டோ (டேபிள் அமைப்ப மாத்துற, உருவாக்குற கமாண்ட்) அடிச்சா அதுவரைக்கும் பண்ணதெல்லாம் தானா கமிட் ஆயிடும், கேக்கவே கேக்காது. போஸ்ட்கிரெஸ்ல டேபிள ட்ராப் பண்ணாக்கூட ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள இருந்தா, அதாவது இன்னும் கமிட் அடிக்கலன்னா, ரோல்பேக் பண்ணிடலாம். போஸ்ட்கிரெஸ்ல பழகுன கையோட ஆரக்கிள் போனா சங்குதான்.

டம்மி_பீசு_007 · செவ்வாய், காலை 10:22

ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஏஐ கிட்ட கேட்டா அதுவே க்வெரி எழுதி குடுத்துடும், டிபிஏ எல்லாம் பழைய கதை

ரீஸ்டோர்_ராணி · செவ்வாய், மதியம் 1:31

007 தம்பிக்கு யாராவது டீ வாங்கிக் குடுங்கப்பா.

ராக்கோழி, உன் கதைல எல்லாரும் அப்டேட்டயே பேசுறாங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஃப்ளாஷ்பேக் கை குடுக்கலன்னா அன்னிக்கு என்ன பண்ணியிருப்பீங்க? பேக்கப்ல இருந்து எடுத்திருப்போம்னு சொல்லுவ. கடைசியா எப்ப ரீஸ்டோர் பண்ணி பாத்தீங்க, எவ்ளோ நேரம் ஆச்சு? இதுக்கு பதில் தெரியாத டீம்கிட்ட பேக்கப் இல்லன்னுதான் அர்த்தம், என் கணக்குல.

கிட்லேப் (கோட் சேத்து வைக்கிற சைட்) கதை படிச்சிருப்ப. 2017 ஜனவரி 31. ராத்திரி நேரம், ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு காப்பி ஆகுறது) சரியா ஓடலன்னு ஒரு இன்ஜினியர் செகண்டரில, அதாவது காப்பி சர்வர்ல, இருக்குற டேட்டா டைரக்டரிய அழிக்கிறதா நெனச்சு ப்ரைமரில, ஒரிஜினல்ல, அழிச்சுட்டாரு. உன்ன மாதிரியேதான், ரெண்டு ஜன்னல், தப்பான ஜன்னல். சுமார் 300 ஜிபில மிஞ்சுனது 4.5 ஜிபி. சரி பேக்கப் எடுங்கன்னா, டம்ப் (பேக்கப் ஃபைல்) எடுக்குற டூல் 9.2 வெர்ஷன், டேட்டாபேஸ் 9.6, அதனால தினமும் ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு. ஃபெயில்னு போன மெயிலும் மெயில் சர்வர்லயே திரும்பி வந்துடுச்சு, யார் கண்ணுலயும் படல. தற்செயலா ஒருத்தர் 6 மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சாங்க, அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். மறைக்காம எல்லாத்தையும் வெளிய எழுதுனாங்க, யூட்யூப்ல லைவ் கூட போட்டாங்க, அதுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை.

என் சொந்த அனுபவம், கம்பெனி பேரு வேணாம், கிண்டி பக்கம். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர், டேட்டாபேஸ் என்க்ரிப்ட் பண்ணது, டாஷ்போர்டு முழுக்க பச்சை, பேக்கப் தினமும் சக்ஸஸ். சர்வர் படுத்துடுச்சு. புது சர்வர்ல ரீஸ்டோர் போட்டா சர்டிஃபிகேட் கேக்குது. சர்டிஃபிகேட் எங்க? செத்துப்போன சர்வர்ல. டேட்டாவ பூட்டி பத்திரமா வச்சுட்டு சாவிய வீட்டுக்குள்ளயே வச்சு கதவ சாத்திட்டு வந்த கதை. பழைய டிஸ்க்க நோண்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாள் நான் பொங்கல், இட்லி எதையும் ருசி தெரிஞ்சு சாப்பிடல.

அதனால தம்பி, 45 நாள் கோர்ஸ அப்புறம் பாத்துக்கலாம். ஒரு சனிக்கிழமை பர்மிஷன் கேளு, ஒரு காலி விஎம் (வர்ச்சுவல் மெஷின்) வாங்கு, உங்க ப்ரொடக்‌ஷன் பேக்கப்ப அதுல ரீஸ்டோர் பண்ணு. வேலிடேட், வெரிஃபை கமாண்ட் ஓட்டிட்டு ஓகேன்னு எழுதாத, அது ஃபைல படிக்க முடியுதான்னுதான் சொல்லும், சாவி தொலைஞ்சுதா, மாத்துனத எழுதி வைக்கிற லாக் நடுவுல விட்டுப்போச்சா, எத்தனை மணி நேரம் ஆகும், இதெல்லாம் ரீஸ்டோர் பண்ணாதான் தெரியும்.

கிண்டி_கிளவுட் · செவ்வாய், மாலை 4:48

கிளவுட்ல 5 வருஷமா இருக்கேன், உங்க மேனேஜர் சொன்னது பாதி உண்மை. சாஃப்ட்வேர் பேட்ச் போடுறது, டிஸ்க் சேக்குறது, ராத்திரி பேக்கப் ஜாப் ஓடுச்சான்னு பாக்குறது, இதெல்லாம் போயிடும், போகட்டும், யாருக்கு வேணும். ஆனா அமேசானோட கிளவுட் டேட்டாபேஸ் ஆர்டிஎஸ்ல தானா எடுக்குற பேக்கப் அதிகபட்சம் 35 நாள் வரைக்கும்தான். இன்ஸ்டன்ஸ (அங்க ஓடுற டேட்டாபேஸ் சர்வர்) டிலீட் பண்ணும்போது வச்சுக்கோன்னு சொல்லலன்னா அந்த பேக்கப்பும் கூடவே போயிடும். குறிப்பிட்ட நேரத்துக்கு திரும்பிப் போகலாம்தான், ஆனா அது பழைய இன்ஸ்டன்ஸ மாத்தாது, புதுசா ஒண்ணு எழுப்பி புது அட்ரஸ் குடுக்கும். அப்ளிகேஷன் முழுக்க பழைய அட்ரஸ எழுதி வச்சிருந்தா ரீஸ்டோர் ஆகியும் சைட் எழுந்திருக்காது. இத ராத்திரி 3 மணிக்கு கண்டுபுடிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ.

அப்புறம் பில். மோசமான க்வெரி முன்னாடி சர்வர மட்டும்தான் மூச்சு வாங்க வச்சுது, இப்போ மாசக் கடைசில ரூபாயாவே வந்து நிக்குது. ஒரு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவுற பட்டியல்) போட்டு மெஷின பாதி சைஸுக்கு இறக்குனா ஃபைனான்ஸ்காரன் உன்ன தேடி வந்து கை குடுப்பான். டிபிஏ தேவையில்லன்னு சொல்ற அதே மேனேஜரும் வருவாரு.

முடிச்சூர்_2015 · செவ்வாய், இரவு 9:10

ரெண்டு வார்த்தை. 2015 டிசம்பர் 1 ராத்திரி நாங்க பாத்த டேட்டா சென்டருக்கு டிஆர் (பேரிடர் வந்தா கை குடுக்க வேண்டிய மாத்து இடம்) இருந்துச்சு, அதுவும் சென்னைலயே, பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. பேப்பர்ல பாத்தா டிக் டிக் டிக், எல்லாம் இருக்கு. தண்ணி ரெண்டு எடத்துலயும் ஒண்ணாதான் வந்துச்சு. இங்க ஜெனரேட்டர் பேஸ்மென்ட்ல, அங்க டீசல் லாரி வர ரோடு இல்ல. பாஸ்வேர்டு இருந்தது ஒருத்தர் போன்ல, அந்த போன்ல சார்ஜ் இல்ல, இருந்தாலும் டவர் இல்ல. என்ன பண்ணணும்னு எழுதி வச்ச டாக்குமென்ட் முங்கிப்போன ஷேர் டிரைவ்ல. நான் அப்போ முடிச்சூர்ல மொட்டை மாடில நின்னுக்கிட்டு போட் வருமான்னு பாத்துட்டு இருந்தேன். ஹைதராபாத்ல இருந்த ஒரு ஜூனியர் பொண்ணு, தன் நோட்டுல கையால எழுதி வச்சிருந்த ஸ்டெப்ஸ பாத்து ஒரு ரிப்போர்ட்டிங் காப்பிய ஓட விட்டா. அந்த நோட்டுதான் எங்க டிஆர்.

ழகரம்_சார்செட் · புதன், காலை 8:17

எல்லாரும் பேக்கப் பேசுறீங்க, நான் தினப்படி சோறு போடுற விஷயம் ஒண்ணு சொல்றேன். நம்ம மொழில பேர் வாங்குற ஃபார்ம் எதாவது பாத்திருக்கீங்களா? "கிருஷ்ணமூர்த்தி"ன்னு ஒரு பேர எடுத்துக்கோங்க. கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடுல எண்ணுனா க தனி, இகரக் கொக்கி தனி, புள்ளி தனின்னு 15. சேவ் பண்ற யூடிஎஃப் 8 முறைல தமிழ் ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 45. ஆரக்கிள்ல பேர் காலத்துக்கு வார்சார்2 (எழுத்து சேக்குற டைப்) 40னு போட்டா டீஃபால்ட்டா அது 40 பைட், எழுத்து இல்ல. டிசைன் பண்ணவர் "40 எழுத்து தாராளமா போதும்"னு இங்கிலீஷ் பேர வச்சு கணக்கு போட்டிருப்பாரு, கிருஷ்ணமூர்த்தி சார் கவுண்டர்ல நின்னா 12899 எர்ரர், வேல்யூ பெருசா இருக்குன்னு. கவுண்டர்ல இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க, பேர கிருஷ்ணன்னு சுருக்கிடுவாங்க, அப்புறம் அவரு ஆதார் ஒரு பேரு பாஸ்புக் ஒரு பேருன்னு வருஷக்கணக்கா அலைவாரு. டேபிள் க்ரியேட் பண்ணும்போது 40க்கு பக்கத்துல சார் (CHAR)னு ஒரு வார்த்தை சேத்திருந்தா 40 பைட் 40 யூனிகோடு எழுத்தா மாறியிருக்கும், அவரு அலைச்சல் மிச்சம்.

எஸ்க்யூஎல் சர்வர்ல வார்சார்ல தமிழ போட்டு வரிசையா கேள்விக்குறியா பாத்தவங்க கை தூக்குங்க. என்வார்சார் (NVARCHAR) போட்டும் கொட்டேஷன் முன்னாடி N-ங்கற எழுத்து போட மறந்தா அதே கேள்விக்குறிதான். மைஎஸ்க்யூஎல்லோட பழைய யூடிஎஃப்8ல தமிழ் போகும், 3 பைட்தானே, கஸ்டமர் ஒரு சிரிக்கிற எமோஜி போட்டா 4 பைட், அங்க மாட்டும், யூடிஎஃப்8 எம்பி4 வேணும். கேள்விக்குறியா சேவ் ஆனத எந்த கொம்பனாலயும் திருப்ப முடியாது, ஒரிஜினலே போச்சு.

மல்லிகா_குவெரி · புதன், காலை 11:40

ழகரம், என் மாமனார் பேரு நெஜமாவே கிருஷ்ணமூர்த்திதான், கேஸ் புக்குல கிருஷ்ணமூர்த் :)

ராக்கோழி, கோர்ஸ்ல சேர்றதுன்னா ஒண்ணு கேட்டுட்டு சேரு, எக்ஸ்ப்ளெயின் பிளான் (டேட்டாபேஸ் க்வெரிய எப்படி ஓட்டுதுன்னு காட்டுறது) படிக்க எத்தனை நாள் ஒதுக்குறாங்கன்னு. அரை நாள்னு சொன்னா காச மிச்சம் பண்ணு. பிளான்ல நான் முதல்ல பாக்குறது ஆப்டிமைசர் (எந்த வழில ஓட்டலாம்னு முடிவு பண்றது) எத்தனை வரி வரும்னு நெனச்சுது, உண்மைல எத்தனை வந்துச்சு. 1 வரும்னு நெனச்சு 4 லட்சம் வந்திருந்தா அங்கதான் வியாதி, மத்ததெல்லாம் காய்ச்சல்.

போன மாசம் எங்ககிட்ட வந்த கேஸ், மொபைல் நம்பர் வச்சு தேடுனா 9 செகண்ட். இண்டெக்ஸ் இருக்கு, ஸ்டாட்ஸ் (டேபிள் பத்தின கணக்கு) புதுசு, எல்லாரும் ஹார்டுவேர திட்டுறாங்க. பாத்தா மொபைல் நம்பர் வார்சார்ல, எழுத்தா இருக்கு, ஜாவால இருந்து நம்பரா அனுப்புறாங்க. ஆரக்கிள் என்ன பண்ணும், டேபிள்ல இருக்குற ஒவ்வொரு நம்பரையும் எண்ணா மாத்தி ஒப்பிடும், இண்டெக்ஸ் சும்மா வேடிக்கை பாக்கும். ஸ்ட்ரிங்கா அனுப்ப சொன்னோம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வருது. பிளான்ல கீழ ப்ரெடிகேட் செக்‌ஷன்ல டூ நம்பர்னு அதுவே எழுதிக் காட்டுச்சு, ஒரு வாரமா யாரும் அவ்ளோ கீழ ஸ்க்ரோல் பண்ணல.

டம்மி_பீசு_007 · புதன், மதியம் 12:15

சரி சரி கலாய்க்காதீங்க. ஆனா ஏஐ யூஸ் பண்ணவே கூடாதா

அம்பத்தூர்_அங்கிள் · புதன், மதியம் 12:52

தாராளமா பண்ணு, நானும் பண்றேன், ரிட்டயர் ஆகுற வயசுல ஷெல் ஸ்க்ரிப்ட் யாரு எழுதுறது. ஆனா நம்ம பையன் ஒருத்தன் ஏஐ சொன்ன இண்டெக்ஸ அப்படியே காப்பி பண்ணி காலைல 11 மணிக்கு போஸ்ட்கிரெஸ் ப்ரொடக்‌ஷன்ல போட்டான். இண்டெக்ஸ் சரியான இண்டெக்ஸ்தான், தப்பு சொல்ல முடியாது. மத்தவங்க எழுதுறத தடுக்காம போடுற கன்கரண்ட்லின்னு ஒரு வார்த்தை இல்ல. முடியற வரைக்கும் அந்த டேபிள்ல யாரும் எழுத முடியல, பில் கவுண்டர்ல லைன் வாசல் வரைக்கும். கன்கரண்ட்லி போட்டு அது பாதில ஃபெயில் ஆனாலும் செல்லாத இண்டெக்ஸ் ஒண்ணு அங்கயே கிடக்கும், அத நீதான் தேடி ட்ராப் பண்ணணும். ஏஐ கிட்ட கேக்கலாம், உங்க கடைல 11 மணிக்கு கூட்டம் வரும்னு அதுக்கு எப்படி தெரியும்?

கஸ்டமர் டேட்டாவ மட்டும் அதுல பேஸ்ட் பண்ணாத. 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டத்துல அபராதம் 250 கோடி வரைக்கும் போகுது. ப்ரொடக்‌ஷன அப்படியே யுஏடிக்கு காப்பி பண்றவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், மாஸ்க் பண்ணிட்டு (நிஜ விவரத்த மறைச்சுட்டு) எடுத்துட்டு போங்க.

ஓஎம்ஆர்_ராக்கோழி · மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 11:30

மக்களே திரும்ப வந்துட்டேன். கோர்ஸ்ல சேரல. ராணி அக்கா சொன்ன மாதிரி நேத்து ரீஸ்டோர் பண்ணி பாத்தேன். மேனேஜர் முதல்ல எதுக்குன்னு கேட்டாரு, "அன்னிக்கு ஃப்ளாஷ்பேக் இல்லன்னா என்ன பண்ணியிருப்போம்"னு அக்கா கேட்டத அப்படியே திருப்பிக் கேட்டேன், ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் விஎம் வாங்கிக் குடுத்துட்டாரு.

ஃபுல் பேக்கப் ஏறிடுச்சு. ரெக்கவர் போட்டா வியாழக்கிழமை விடிகாலைல நிக்குது, அதுக்கு மேல ஆர்கைவ் லாக் (மாத்துனத வரிசையா எழுதி வச்ச ஃபைல்) இல்ல. தேடிப் பாத்தா ரெண்டு வருஷம் முன்னாடி டிஸ்க் ஃபுல் ஆச்சுன்னு யாரோ ஒரு க்ரான் (நேரத்துக்கு தானா ஓடுற ஜாப்) போட்டு விட்டிருக்காங்க, ஒரு நாளைக்கு மேல பழைய லாக்க நேரா அழிக்குது, ஆர்மேன் (ஆரக்கிளோட பேக்கப் டூல்) அத பேக்கப் எடுத்துச்சா இல்லையான்னு பாக்காம. லாக் பேக்கப் ஜாப் ஒரு நாள் தாமதமாச்சுன்னா அன்னிக்கு ஓட்டை. வியாழன்ல இருந்து சனி வரைக்கும் எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, டாஷ்போர்டு பச்சை. க்ரான தூக்கிட்டு ஆர்மேன் மூலமாவே, பேக்கப் எடுத்த லாக்க மட்டும் அழிக்கிற மாதிரி மாத்தியாச்சு, புதுசா ஒரு ஃபுல் பேக்கப்பும் எடுத்தாச்சு. மேனேஜர் இப்போ மாசம் ஒரு தடவை இத பண்ணுன்னு சொல்லிட்டாரு, கிளவுட் பேச்சே காணோம்.

ப்ரொடக்‌ஷன் டேப் இப்போ ரத்தச் சிவப்பு, பக்கத்து சீட் பையன் கண்ணு கூசுதுன்றான். மல்லிகா அக்கா, ரீட் ஒன்லி யூசர் கேட்டு டிக்கெட் போட்டிருக்கேன், இன்னும் அப்ரூவல் வரல.

ரீஸ்டோர்_ராணி · ஞாயிறு, இரவு 11:41

சபாஷ்டா. எவ்ளோ நேரம் ஆச்சு?

ஓஎம்ஆர்_ராக்கோழி · ஞாயிறு, இரவு 11:44

9 மணி நேரம் 20 நிமிஷம் அக்கா. ரன்புக்ல (என்ன பண்ணணும்னு ஸ்டெப்ஸ் எழுதி வச்ச டாக்குமென்ட்) 3 மணி நேரம்னு போட்டிருந்தாங்க, அடிச்சு திருத்திட்டேன்.

முடிச்சூர்_2015 · ஞாயிறு, இரவு 11:46

ரன்புக் எங்க இருக்கு?

ஓஎம்ஆர்_ராக்கோழி · ஞாயிறு, இரவு 11:52

...அதே சர்வர்ல. நாளைக்கு நோட்டு வாங்குறேன் அண்ணா.